எலுமிச்சம்பழ ஏலம்

பேராசிரியர் அருள்முருகனுக்கு ஏலம் என்றால் உயிர். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு துடைப்பக்கட்டையைக்கூட அவர் ஏலத்தில் எடுத்ததில்லை. ஏலம் நடக்கிற இடத்தில் போய் நிற்பார், பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து சின்ன டேப் ரெக்கார்டரை எடுத்து வாயருகே வைத்து ஏதோ முணுமுணுப்பார், போய்விடுவார். கடற்கரையில் மீன் ஏலம் விடும் இடத்தில் அவரைக் கண்டால் கூடைக்காரப் பெண்கள் வரி ஆபீசர் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் ஒருநாள், "இன்னாய்யா, வாரத்துக்கு ரெண்டு தபா வந்து மோந்து பாத்துட்டுப் போற, நாலு சங்கராவாவது வாங்கினு போயேன்" என்று கேட்டே விட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் நிர்மலா வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை. ஏன் சமைப்பதில்லை என்று கட்டிய நாளிலிருந்து அவர் கேட்டதும் இல்லை.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் அவர் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். லாஸ்பேட்டையில் சொந்த வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், மாணவர்கள் வைத்த 'ஏலக்காய்' என்ற பட்டப்பெயர். பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து முதன்முதலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதால் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பயத்தோடுதான் அவரிடம் பேசுவார்கள். அந்தப் பயம் அவருக்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி நடந்துகொள்வார்.

அவருடைய ஆராய்ச்சியை அவரே வகுப்பில் இப்படிச் சொல்வார்: ஒரு பொருளுக்கு நாலு பேர் மதிப்புப் போடுகிறார்கள். யார் எல்லாரையும்விட அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டானோ அவனிடம்தான் அது போய்ச் சேரும். ஆகவே ஜெயித்தவன் ஜெயித்த நிமிஷமே ஏமாந்தவன். எதிராளி என்ன செய்வான் என்பதை யோசித்து நாம் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்தச் சாஸ்திரம் முழுவதும். பையன்கள் கைதட்டுவார்கள். அவரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

வகுப்போடு விட்டிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. மனுஷன் வீட்டிலும் அதே கணக்குத்தான். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம், குழந்தை இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் பார்க்காத டாக்டர் இல்லை. நிர்மலா மின்துறை அலுவலகத்தில் எழுத்தர். லீவு போட்டுப் போட்டு அவள் லீவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கரைந்தது. ஒருநாள் இவர் ஒரு தாளில் வாய்ப்பு இத்தனை சதவீதம், செலவு இவ்வளவு, உடம்புக்குச் சேதம் இவ்வளவு என்று கட்டம் போட்டுக் காட்டி, "நிறுத்திடறதுதான் புத்திசாலித்தனம்" என்றார். நிர்மலா தாளைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். இத்தனை படித்தவருக்கு 'சரிங்க' என்ற ஒரு சொல்லை வாசிக்கத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அவருக்கு அந்த முருகன் கோயில் கண்ணில் பட்டது. தவளக்குப்பத்திலிருந்து மேற்கே பிரியும் சாலையில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. பங்குனி உத்திரத் திருவிழா முழுக்க அங்கே சாமியின் வேல் முனையில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். உத்திரத்தன்று அதை எடுத்து ஏலம் விடுவார்கள். பிள்ளை இல்லாதவர்கள்தான் கேட்கலாம். கேட்பது பெண். கயிற்றுக்கு ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் அவரவர் கணவன்மார். கணவன் வாயைத் திறக்கக் கூடாது. யாருக்கு விழுகிறதோ அவள் பழத்தை மடியில் ஏந்தி, புருஷனோடு குளத்தில் முழுகி, ஈரத்தோடு சாமி எதிரில் இருவரும் ஆளுக்குப் பாதி தின்ன வேண்டும். தோலைக்கூடத் துப்பக் கூடாது.

கடையில் ஒரு ரூபாய்க்கு விற்கும் பழம் ஆயிரக்கணக்கில் போகிறது! அருள்முருகனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த விலையில் கேட்பவளின் சொந்த ஆசை எவ்வளவு, எதிரில் நிற்பவளைப் பார்த்து ஏறும் சூடு எவ்வளவு? பிரித்துக் காட்டினால் பெங்களூர் மாநாட்டில் பெரிய பேர் கிடைக்கும். பிரிப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. ஆசையே இல்லாத ஒருத்தி அந்தக் கூட்டத்தில் நின்று, சொன்னபடி விலையை ஏற்றி, சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும்.

கல்லூரி கேண்டீனில் இதைக் கேட்ட தனிஸ்லாஸ் சிரித்தார். அவர் பிரெஞ்சுத் துறை. வேண்டப்பட்டவர்களை எல்லாம் முசியே என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு முசியே போய் நிக்கப் போறா?"

"என் வொய்ஃப்தான். வேற யாரு போனாலும் ஊருக்குத் தெரிஞ்சுடும்."

"நிறுத்தச் சொன்னா மேடம் நிறுத்திடுவாங்களா? ஏலம்னா எங்க வீட்டுக்காரிக்கெல்லாம் சாமி வந்துடும்."

"நிர்மலா நான் சொல்லி எதையும் மீறினதில்ல" என்றார் அருள்முருகன். பெருமையாகத்தான் சொன்னார்.

வீட்டில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார். பக்கத்தில் நின்று, மாணவர்களுக்குச் சொல்வது போலத் தெளிவாக எல்லாவற்றையும் விளக்கினார். கடைசியில், "நம்மளப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது நிர்மலா. அதான் வசதி" என்றார்.

அந்த வசதி என்ற சொல்லைப் பின்னால் எத்தனையோ முறை அவர் தனியாக உட்கார்ந்து நினைத்து முகம் கன்றியிருக்கிறார். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தோசை கொஞ்சம் கருகியது. நிர்மலா அதைத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எதுவரைக்கும் கேக்கணும்?"

"அஞ்சாயிரம். நான் எதிர்ல நின்னு கண்ணாடியக் கழட்டுவேன். கழட்டினதும் நிறுத்திடு."

"ஒருவேள நமக்கே விழுந்துட்டா?"

"விழாது. எல்லாம் கணக்குப் போட்டுட்டேன்."

"சரிங்க" என்றாள்.

கொடி ஏறிய நாளிலிருந்து அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள். நேரு வீதியில் போய் மஞ்சள் புடவை ஒன்று எடுத்துவந்தாள். விடிகாலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். இதையெல்லாம் அருள்முருகன் பார்க்காமல் இல்லை. வேஷம் பொருந்துவதற்காகச் செய்கிறாள், பொறுப்பானவள் என்று மெச்சிக்கொண்டார். அந்தப் புடவையை ஆராய்ச்சிச் செலவில் காட்ட முடியுமா என்றுகூட ஒரு யோசனை ஓடிற்று. கஞ்சத்தனம் அவருக்கு இரத்தத்தில் ஊறியது; அதற்குச் சிக்கனம் என்று பேர் வைத்திருந்தார்.

உத்திரத்தன்று பகல் வெயிலில் கோயில் எதிரே நல்ல கூட்டம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள் ஈரத் தலையோடு நின்றார்கள். நிர்மலா நடுவில் நின்றாள். ஊர்ப் பெரியவர் சின்னக்கண்ணு வேலிலிருந்து பழத்தை உருவித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, "நூத்தி ஒண்ணு, சாமி கேள்வி!" என்று குரல் கொடுத்தார். அருள்முருகன் சட்டைப் பைக்குள் டேப்பை அழுத்தினார்.

முதலில் எல்லாக் குரலும் கலந்து வந்தன. ஆயிரம் தாண்டியதும் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். மூவாயிரத்தில் இரண்டே பேர். ஒருத்தி நிர்மலா. இன்னொருத்தி சின்னப் பெண், வசந்தா. அவள் புருஷன் அருள்முருகனுக்குப் பக்கத்தில்தான் நின்றான். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலையாம், விரல் நகமெல்லாம் கறுப்பு. வாய் திறக்கக் கூடாது என்பதால் அவன் வேட்டி நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றான்.

"நாலாயிரம்" என்றாள் வசந்தா.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றாள் நிர்மலா.

அருள்முருகனுக்கு உள்ளுக்குள் குதூகலம். அவர் தாளில் போட்ட கோடு மாதிரியே விலை ஏறிக்கொண்டிருந்தது. ஐயாயிரம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிர்வரிசை மஞ்சள் மஞ்சளாகத்தான் தெரிந்தது. நிறுத்தியிருப்பாள் என்று நினைத்தார்.

"ஆறாயிரம்." நிர்மலாவின் குரல்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டு மறுபடியும் கழற்றினார். "ஆறாயிரத்து ஐந்நூறு" என்றாள் வசந்தா. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நிர்மலா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி, பழம் இல்லாத அந்த வேல் முனையைப் பார்த்தாள். "ஏழாயிரம்" என்றாள். அவ்வளவு தெளிவான குரலில் அவள் பேசி அவர் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாக்களில், வீட்டில், கட்டில் ஓரத்தில், எங்கேயும் கேட்டதில்லை. அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆசையே இல்லாத ஒருத்தி என்று அவர் தேர்ந்தெடுத்தது யாரை என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் மனுஷனுக்கு வந்தது இரக்கமில்லை, பயம். நமக்கு விழுந்துவிடப் போகிறது. குளத்தில் முழுகி, இத்தனை பேர் எதிரில், கோட்பாடு பேசுகிற நான் ஈரத்தோடு உட்கார்ந்து எலுமிச்சம்பழத் தோலைத் தின்ன வேண்டும். யாராவது மாணவன் பார்த்தால்?

வசந்தா காதுக் கம்மலைக் கழற்றிக் கையில் வைத்து நீட்டினாள். "இதையும் சேத்துக்கங்க பெரீப்பா. எட்டாயிரம்" என்றாள். அழுதுவிட்டாள்.

"பத்தாயிரம்" என்றாள் நிர்மலா.

சின்னக்கண்ணு தாம்பாளத்தைத் தூக்கி, "பத்தாயிரம் ஒருதரம்... பத்தாயிரம் ரெண்டுதரம்..." என்றார்.

அருள்முருகன் கயிற்றைத் தாண்டிவிட்டார். "நிறுத்துங்க! நிறுத்துங்க! இது நெசமான கேள்வி இல்ல. நான் காலேஜ் புரொபசர். ஆராய்ச்சிக்காக நான்தான் கேக்கச் சொன்னேன்" என்று கத்தினார். கத்தும்போதே தன் குரல் தனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தார்.

அடிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். பின்னால் ஒருவன் கெட்ட வார்த்தையும் சொன்னான். சின்னக்கண்ணு கையமர்த்தினார். அவர் அருள்முருகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆம்பளைங்க பேச்சு இங்க எடுபடாது. கேட்டது அந்தம்மா. ஏம்மா, நீ சொல்லு. நெசமா கேட்டியா, வெளாட்டுக்குக் கேட்டியா?"

நிஜம் என்று அவள் சொன்னால் பழம் அவளுக்கு. அவர் பொய்யன், கட்டியவளையே சபையில் மறுத்தவன். விளையாட்டுக்கு என்று சொன்னால் பழம் போய்விடும். பிள்ளை கேட்டு அழுகிறவர்கள் நடுவே பொய்யாக நின்ற பாவம் அவள் தலையில் விழும். வகுப்பில் கட்டம் போட்டு விளக்க ஏற்ற ஆட்டம். அருள்முருகன் கட்டம் எதுவும் போடவில்லை. நிஜம் என்று சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. சொல்லிவிடாதே என்று அதைவிடப் பெரிதாக இன்னொரு குரல் கேட்டது. அவர் முகத்தில் எந்தக் குரல் தெரிந்ததோ, நிர்மலா அதைப் பார்த்தாள்.

"வெளாட்டுக்குத்தாங்க கேட்டேன்" என்றாள். "அவங்களுக்கே குடுத்துடுங்க."

கிழவி ஒருத்தி, "த்தூ, இதுல போய் வெளாடுவாளா ஒரு பொம்பள" என்று காறித் துப்பினாள். அது நிர்மலாவின் புதுப் புடவை ஓரத்தில் விழுந்தது. நிர்மலா நகரவில்லை. பொய்க் கேள்வியால் ஏறிய விலை சாமிக்கு வேண்டாம், மூவாயிரம் போதும் என்று பெரியவர்கள் பேசி முடித்துக் கம்மலைத் திருப்பிக் கொடுத்தார்கள். வசந்தா மடியேந்திப் பழத்தை வாங்கினாள்.

குளத்துக்குப் போகிற வழியில் அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். அருள்முருகன் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"அக்கா, உங்க கண்ணப் பாத்தா வெளாட்டா தெரியல எனக்கு. பெரீப்பாகிட்ட நான் சொல்றேன். என் பங்குல பாதி எடுத்துக்குங்க."

"இல்லம்மா" என்றாள் நிர்மலா. "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நாங்க ஆராய்ச்சிக்கு வந்தவங்க. நீ போயி முழுகு, நேரமாவுது."

அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கிட்டப் போய், "பொய் சொல்றா, நெசமாத்தான் கேட்டா, வாங்கிக்கோ நிர்மலா" என்று சொல்ல நாக்கு இருந்தது. சபையில் கத்திய அதே நாக்குத்தான். இப்போது அது அசையவில்லை. வாழ்க்கையில் அவர் வெட்கப்பட்ட நேரங்களை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் அந்த இரண்டடி தூரத்துக்கு ஈடாகாது.

ஸ்கூட்டரில் வரும்போது அவள் வழக்கம்போல அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். உள்ளே நோட்டுகள், மடித்து மடித்துத் திணித்தவை. பீரோவைத் திறந்து அவற்றைத் துணிக்கு அடியில் வைத்தாள். எங்கே சேர்த்தாள், எத்தனை வருஷம் சேர்த்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க எந்த முகம் இருக்கிறது? புடவையை ஊறவைத்துத் துவைத்தாள். அதன் பிறகு அதை அவள் கட்டியதில்லை.

பெங்களூருக்கு அவர் போகவில்லை. கட்டுரை எழுதத் தாளை எடுத்தால் 'ஆசையற்ற கேள்வியாளர்' என்று ஒரு தலைப்புப் போட வேண்டியிருந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. கேண்டீனில் தனிஸ்லாஸ், "இன்னா முசியே, மேடம் சொன்ன எடத்துல நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். "நிறுத்திட்டாங்க" என்றார் அருள்முருகன். இன்னொரு பொய். டேப்பை மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் போட்டுக் கேட்பார். "ஏழாயிரம்" என்ற குரல் வரும் இடம்வரை கேட்டு அணைத்துவிடுவார். அதற்கு மேல் அவருடைய குரல் வரும். வகுப்பில் பாடத்தை நிறுத்தவில்லை, சம்பளம் வாங்குகிறாரே. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் வழக்கம் மட்டும் போய்விட்டது. கறை படிந்த கண்ணாடியோடு ஜெயித்தவன் ஏமாந்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது முன்போலக் குரல் எழவில்லை.

நிர்மலா அவரை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமைகளிலும் இப்போது வீட்டில் மீன் குழம்பு மணந்தது. முதல் செவ்வாய் அது தட்டில் விழுந்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த விரதம் எதற்காக இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அது முடிந்த பிறகு.

அடுத்த பங்குனி வந்தது. கொடி ஏறிய நாளிலிருந்து அருள்முருகன் பகலில் ஒருவேளைதான் சாப்பிட்டார். கோயில் பக்கமே தலைவைக்காத மனுஷன். காலேஜில் சாப்பிட்டுவிட்டேன், வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லி வீட்டில் சமாளித்தார். அவளுக்குத் தெரிந்தால் இதையும் ஒரு நடிப்பு என்று நினைப்பாளோ என்ற பயம். உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குப் போலாமா நிர்மலா?"

"எங்க?"

"அந்தக் கோயிலுக்குத்தான். இந்தத் தபா நெசமாவே. எவ்வளவு ஆனாலும் கேளு. நான் முழுகறேன், தோலோட திங்கறேன். எல்லார் கால்லயும் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அவருடைய சட்டைதான். பையைத் தடவிச் சுருக்கத்தை எடுத்துவிட்டாள்.

"யாருங்க நம்புவாங்க?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "வெளாட்டுக்குன்னு நான்தான் என் வாயால சொல்லிட்டேனே. ஊரு மட்டுமா கேட்டுச்சு? முருகனும்தான் நின்னு கேட்டுக்கினு இருந்தாரு."

அவள் துணிகளை அடுக்கி பீரோவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல் சூடாகும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில், "சாப்பிட வாங்க, ஆறிப்போவுது" என்று கூப்பிட்டாள்.

விரதம் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.